லேப் அக்கா பதில்கள்: விந்தணுவில் பென்சில் குறி

சென்ற இதழில் ஒருவருக்குப் பதில் சொல்லும்போது, விந்தணுவில் இருப்பது டிஎன்ஏ எழுத்துகள் மட்டுமில்லை, அவற்றின்மேல் மெத்தில் என்ற சின்ன வேதிக் குறிகளும் ஒட்டியிருக்கின்றன, அவை ஆளுக்கு ஆள் மாறும் என்று எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிக் கடிதங்களில் பெயரே இல்லை. பெயர் இருந்தாலும் போட்டிருக்க மாட்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒன்று: நான் மருத்துவர் இல்லை. பினாங்கில் ஒரு கருத்தரிப்பு ஆய்வகத்தில் நுண்ணோக்கியைப் பார்த்தே தலை நரைத்தவள். மருந்து எழுதித் தர மாட்டேன். ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்வேன்.

கேள்வி: எனக்கு 41 வயது. கல்யாணமாகி நான்கு வருடமாகிறது, குழந்தை இல்லை. ஒரு தனியார் நிலையத்தில் ‘விந்தணு வயது’ டெஸ்ட் என்று சொல்லி வெளிநாட்டுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். ‘மொத்த மெத்திலேற்றம் 72%, விந்தணு வயது 46’ என்று வந்திருக்கிறது. 28 சதவீதம் கெட்டுப்போய்விட்டதாம். ஆறு மாத மாத்திரை பேக்கேஜ் எடுத்தால் நூறாக்கிவிடலாமாம். எடுக்கலாமா அக்கா?
— பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்

பதில்: தம்பி, முதலில் காசைப் பையிலேயே வையுங்கள். நூறு வந்தால்தான் நல்லது என்று இதில் எதுவும் கிடையாது.

டிஎன்ஏவில் சைட்டோசின் என்ற எழுத்துக்கு அடுத்து குவானின் வரும் இடங்கள் சுமார் 2 கோடியே 80 லட்சம் இருக்கின்றன. அந்தச் சைட்டோசின்மேல் மெத்தில் ஒட்டலாம், ஒட்டாமலும் போகலாம். எழுத்து மாறாது. அந்தப் பகுதியை செல் படிக்குமா, தாண்டிப் போகுமா என்பது மாறும். பள்ளிக்கூடத்துப் பாடநூல் இரவல் திட்டம் உங்களுக்குத் தெரியும். புத்தகம் பள்ளியுடையது. பையன் பென்சிலால் ‘இது முக்கியம்’, ‘இது வேண்டாம்’ என்று குறித்து வைத்துக்கொள்கிறான். வருடக் கடைசியில் அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறான். அச்சடித்தது அப்படியே இருக்கிறது. மெத்தில் என்பது அந்தப் பென்சில் குறி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மற்றவர்களுக்கும் தேவைப்படும்.

நல்ல ஆரோக்கியமான ஆணின் விந்தணுவில் இந்த இடங்களில் சராசரியாக எழுபது சதவீதத்தை ஒட்டித்தான் குறி இருக்கும். உங்கள் 72 அதில்தான் வருகிறது. மீதி இடங்கள் காலியாக இருப்பது கெட்டுப்போனதால் இல்லை. மரபணுக்களின் தொடக்கப் பகுதிகள் பல காலியாக இருந்தால்தான் கருவில் அவை வேலை செய்யும். அங்கேயும் குறி போட்டு நூறாக்கினால் ஒரு மரபணுவும் வாயைத் திறக்காது. உங்களிடம் பேக்கேஜ் விற்றவருக்கு இது தெரியாதா, தெரிந்தே சொன்னாரா என்பதை நான் சொல்லப் போவதில்லை.

அடுத்து, அந்தச் சதவீதம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒரு விந்தணுவில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரே ஒரு பிரதிதான் உண்டு. அந்த இடத்தில் குறி இருக்கும், அல்லது இருக்காது. முக்கால் குறி என்று எதுவும் இல்லை. ஓர் இடத்தில் 72 என்று வந்தால் நூறு விந்தணுவில் 72-இல் குறி இருக்கிறது, 28-இல் இல்லை என்று பொருள். ஒரே கிண்ணத்தில் இருக்கும் கோடிக்கணக்கான அணுக்களே ஒன்றுபோல இல்லை. 2006-இல் டொராண்டோ ஆய்வாளர்கள் இதைத்தான் எழுதினார்கள்: ஆணுக்கு ஆண் வித்தியாசம் இருக்கிறது, ஒரே ஆணின் விந்தணுக்களுக்குள்ளும் இருக்கிறது. கருமுட்டைக்குள் போவது அந்தக் கோடியில் ஒன்று. உங்கள் ரிப்போர்ட் சொல்வது கூட்டத்தின் சராசரி. எந்த அணு போகும் என்று எந்த ரிப்போர்ட்டாலும் சொல்ல முடியாது.

வித்தியாசம் ஏன் வருகிறது? விந்தணுவைத் தரும் மூல செல்கள் பருவம் வந்தபின் சுமார் 16 நாளுக்கு ஒரு தடவை பிரிகின்றன, வருடத்துக்கு 23 தடவைபோல. ஒவ்வொரு தடவையும் எழுத்தோடு குறியையும் பார்த்து எழுதவேண்டும். எழுத்தைப் பிரதி எடுப்பதில் இருக்கும் கறார் குறியைப் பிரதி எடுப்பதில் இல்லை. அங்கே இங்கே விட்டுப்போகும்.

இப்போது ‘வயது 46’. இது முழுக்கக் கதை இல்லை, அதையும் சொல்லவேண்டும். 2014-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் 17 ஆண்களின் விந்தணுவை 9 முதல் 19 வருட இடைவெளியில் இரண்டு தடவை எடுத்துப் பார்த்தார்கள். 139 பகுதிகளில் குறி குறைந்திருந்தது, 8 பகுதிகளில் கூடியிருந்தது. குறைந்த இடங்களில் வருடத்துக்கு 0.3 சதவீதத்தை ஒட்டிய மெதுவான இறக்கம். அதே குழு 2018-இல் விந்தணுவைப் பார்த்து வயது சொல்லும் கணக்கைச் செய்தது. அதுவும் சராசரியாக இரண்டு வருடம் முன்னே பின்னே போகும். ஒரு விஷயத்தைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்: கணக்கு விந்தணுவுக்கென்று செய்ததா, ரத்தத்துக்குச் செய்ததா? 2013-இல் வந்த பெயர்பெற்ற வயதுக் கணக்கை விந்தணுவில் போட்டால் கிழவருக்கும் இளவயதுதான் காட்டும்.

2022-இல் அமெரிக்காவின் மிச்சிகன், டெக்சஸ் மாநிலங்களில் 379 ஆண்களைப் பார்த்த ஆய்வு ஒன்று, விந்தணு வயது கூடியவர்களின் மனைவிகள் 12 மாதத்துக்குள் கருத்தரிக்கும் வாய்ப்பு 17 சதவீதம் குறைவு என்றது. குறைவு என்றுதான் சொன்னது, இல்லை என்று சொல்லவில்லை. அதில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள். பட்டர்வொர்த் தமிழருக்கு அதே எண்ணை அப்படியே ஒட்டவைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே மாத்திரை பேக்கேஜ் வேண்டாம். சாதாரண விந்துப் பரிசோதனை செய்திருக்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. செய்யவில்லையென்றால் அதை முதலில் செய்யுங்கள். சிறுநீர்ப்பாதை, ஆண் உறுப்பு நோய்களைப் பார்க்கும் மருத்துவர் ஒருவரிடம் காட்டி, விதைப்பையில் நரம்புச் சுருட்டல் இருக்கிறதா என்று கையால் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு வெளிநாடு தேவையில்லை, உங்கள் பக்கத்து ஊர் பிறையிலேயே முடியும். மனைவியின் வயதையும் எழுதவில்லை. அது உங்கள் ரிப்போர்ட் வயதைவிட முக்கியம்.

கேள்வி: அக்கா, நான் எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகம் போகுமுன் எழுதும் தேர்வு) உயிரியல் படிக்கிறேன். எல்லா செல்லிலும் ஒரே டிஎன்ஏ என்றால் விந்தணுவின் குறி ரத்தத்தின் குறியிலிருந்து ஏன் மாறவேண்டும்? அப்பாவின் குறி பிள்ளைக்கு வருமா?
— மாணவி, செந்தூல்

பதில்: நல்ல கேள்வி தங்கச்சி. உன் பாடப் புத்தகத்தில் இது இரண்டு பத்தியில் முடிந்திருக்கும். நான் கொஞ்சம் நீட்டுகிறேன், ஏனென்றால் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

ரத்த செல்லின் குறி ரத்தம் ஆவதற்காக. விந்தணுவின் வேலை வேறு. அது தனக்காக எதையும் படிப்பதில்லை. மூடிக் கட்டிய மூட்டை. சாதாரண செல்லில் டிஎன்ஏ ஹிஸ்டோன் என்ற புரதத்தில் சுற்றியிருக்கும். விந்தணுவில் அதில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு புரோட்டமின் என்ற சின்னப் புரதத்தை வைத்து இறுக்கிவிடுகிறார்கள் (யார் ‘செய்கிறார்கள்’ என்று கேட்காதே, ஆய்வகத்தில் நாங்கள் இப்படித்தான் பேசுவோம்). மனிதனில் ஹிஸ்டோன் 5 முதல் 15 சதவீதம்போல மிச்சம் இருக்கும், அதுவும் பெரும்பாலும் கருவின் ஆரம்பத்தில் தேவைப்படும் மரபணுக்களின் பக்கத்தில். அந்த இடங்களில் மெத்தில் குறியும் பொதுவாக இல்லை. டிஎன்ஏவுக்குள் இடம்விட்டு இடம் தாவும் பழைய ஒட்டுண்ணித் துண்டுகள் இருக்கின்றனவே, அவற்றின்மேல்தான் குறியை அழுத்தி அழுத்திப் போட்டிருக்கும், எழுந்துவிடக் கூடாது என்று.

குறி எப்போது விழுகிறது? இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆண் குழந்தை தாய் வயிற்றில் இருக்கும்போது, பின்னால் விந்தணுவாகப் போகிற மூல செல்களில் பழைய குறிகளைத் துடைத்துவிட்டு, பிறப்பதற்கு முன்பே புதிதாகப் போடத் தொடங்கிவிடுகிறது. ஆக, உன் அப்பாவின் விந்தணுக் குறிகளுக்கு அடித்தளம் உன் பாட்டியின் வயிற்றில் விழுந்தது.

இரண்டாவது துடைப்பு கருத்தரித்த பிறகு. முட்டைக்குள் போன சில மணி நேரத்தில் அப்பா பக்கக் குறிகளை டெட்3 என்ற நொதி வேகமாக அழிக்கத் தொடங்குகிறது. பாடநூலைத் திருப்பிக் கொடுக்கும் முன் அழிப்பது போல. ஆனால் சில பக்கங்களில் குறி மையால் எழுதியது. ரப்பர் போட்டாலும் போகாது. அவைதான் பெற்றோர் முத்திரை மரபணுக்கள். ஹெச்19 என்ற மரபணுவின் பக்கத்தில் விந்தணுவில் குறி இருக்கும், முட்டையில் இருக்காது. எஸ்என்ஆர்பிஎன் என்ற இடத்தில் நேர் எதிர். பிள்ளையின் உடம்பில் இந்த இடங்கள் கடைசிவரை ‘இது அப்பாவுடையது, இது அம்மாவுடையது’ என்று ஞாபகம் வைத்திருக்கும்.

இதைக் கண்டுபிடித்த வருடம் 1984. கேம்பிரிட்ஜில் அசீம் சுரானி குழுவும், அமெரிக்காவில் மெக்கிராத், சோல்ட்டர் இருவரும் தனித்தனியாகச் செய்தார்கள். சுண்டெலி முட்டையில் இரண்டு தந்தை உட்கருவையோ இரண்டு தாய் உட்கருவையோ வைத்துப் பார்த்தார்கள். எழுத்துக் கணக்கு சரியாக இருந்தும் குட்டி பிறக்கவில்லை. இரண்டும் தாய் என்றால் நஞ்சுக்கொடி தேறவில்லை, இரண்டும் தந்தை என்றால் கரு தேறவில்லை. சுரானி கென்யாவில் பிறந்தவர். பரீட்சைக்கு அது வராது, இருந்தாலும் தெரிந்து வைத்துக்கொள்.

அப்பாவின் மற்றக் குறிகள் பிள்ளைக்கு வருமா என்றால், பெரும்பாலானவை அழிந்துவிடும். எலிகளில் சில விதிவிலக்கு காட்டியிருக்கிறார்கள். மனிதரில் அப்படி உறுதியாக நிறுவப்படவில்லை. இணையத்தில் ‘தாத்தாவின் கவலை உன் ரத்தத்தில்’ என்று வந்தால் விருப்பம் போட்டுவிட்டுப் போ, விடைத்தாளில் எழுதாதே.

கேள்வி: மகனுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். மருமகளுக்கு எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு, ஒரு குறையும் இல்லை என்கிறார்கள். மகனைக் கூப்பிட்டால் ‘எனக்கு என்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்’ என்கிறான். இந்த மெத்தில் டெஸ்டை அவனுக்குத் தெரியாமல் எடுக்க வழி உண்டா?
— ஓர் அம்மா, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: இல்லை அம்மா. தெரியாமல் எடுக்கவும் கூடாது. மெத்தில் டெஸ்டும் அவருக்கு இப்போது தேவையில்லை.

குழந்தை தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் சேர்ந்திருக்கிறது. பெண்ணுக்கு வயிற்றில் ஓட்டை போட்டுப் பார்த்த பிறகும் ஆணை ஒரு கிண்ணத்தை நிரப்பச் சொல்லத் தயங்கும் குடும்பங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். எனக்குக் கோபம் வரும், அதனால் இதைச் சுருக்கமாக முடிக்கிறேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் உள்ள கீழ்வரம்பு எண்களை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள்: அளவு 1.4 மில்லி, ஒரு மில்லியில் 1 கோடியே 60 லட்சம், மொத்தம் 3 கோடியே 90 லட்சம், அசைவது 42%, வடிவம் சரியானது 4%. நான்கு சதவீதம்தான், தப்பாக அச்சாகவில்லை. எண் பார்த்தால் ஆண்களுக்குப் போட்டி மனம் வந்துவிடும், அது சில சமயம் உதவும். கோலாலம்பூரில் எல்பிபிகேஎன் என்ற அரசாங்கக் குடும்ப மேம்பாட்டு வாரியம் குழந்தைப்பேறு சிகிச்சை தருகிறது. தனியாரைவிடச் செலவு குறையும். மருமகளிடம் இனி எந்த டெஸ்டும் கேட்காதீர்கள்.

கேள்வி: மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவகம்) தந்தூரி அடுப்புக்கு முன்னால் தினம் பத்து மணி நேரம் நிற்கிறேன். சிகரெட்டும் உண்டு, ஒரு நாளைக்கு ஒரு பெட்டி. எடையும் கூடிவிட்டது. இதனால் அந்தக் குறிகள் மாறுமா? மாறினால் திரும்புமா?
— சமையல்காரர், செராஸ்

பதில்: மூன்றையும் ஒரே கடிதத்தில் ஒப்புக்கொண்டீர்கள், சந்தோஷம்.

சூட்டைப் பற்றி நிச்சயமாகச் சொல்லக்கூடியது எண்ணிக்கையும் அசைவும்தான். விதைகள் உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சியாக இருக்கவேண்டும் என்றுதான் வெளியே தொங்குகின்றன. அடுப்பும் இறுக்கமான ஜீன்ஸும் அதற்கு எதிரி. அடுப்பில் உங்களை மாற்றிவிட ஓர் ஆளைக் கேட்டு வாங்குங்கள், நடுவில் வெளியே வந்து நில்லுங்கள்.

சிகரெட் பிடிப்பவர், பிடிக்காதவர் விந்தணுவில் மெத்தில் குறி சில இடங்களில் மாறியிருப்பதை அளந்திருக்கிறார்கள். யூட்டா குழுவின் வயதுக் கணக்கிலும் புகைப்பவர்களின் விந்தணு கொஞ்சம் மூப்பாகத்தான் தெரிந்தது. எடை பற்றி 2016-இல் கோபன்ஹேகனிலிருந்து வந்த ஆய்வு சுவாரசியமானது. ஒல்லியானவர், பருத்தவர் இருவரின் விந்தணுவையும் ஒப்பிட்டார்கள். அப்புறம் எடை குறைக்க இரைப்பை அறுவை செய்துகொண்ட ஆறு பேரின் விந்தணுவை, அறுவைக்கு முன், ஒரு வாரம் கழித்து, ஒரு வருடம் கழித்து எடுத்துப் பார்த்தார்கள். குறிகள் பல இடங்களில் மாறியிருந்தன. பசியைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களின் பக்கமும் அதில் இருந்தது. ஆறே பேர்தான். ஆனாலும் குறி கல்லில் வெட்டியதில்லை என்பது தெரிகிறது. அது பிள்ளையின் உடம்பை மாற்றுமா என்பதை அந்த ஆய்வு பார்க்கவில்லை.

ஒரு விந்தணு உருவாக சுமார் 74 நாள், அதன்பின் வெளியே வரும் வழியில் இன்னும் ஒன்றிரண்டு வாரம். ஆகவே இன்று சிகரெட்டை விட்டால் அடுத்த மாதம் டெஸ்ட் எடுத்து ‘ஒன்றும் மாறவில்லை’ என்று மறுபடி பற்றவைக்காதீர்கள். மூன்று மாதம் கழித்து வாருங்கள்.

கேள்வி: கணவருக்கு எண்ணிக்கை மிகக் குறைவு. ஒரே விந்தணுவை முட்டைக்குள் ஊசியால் செலுத்தும் முறையைச் சொல்லியிருக்கிறார்கள். இப்படிப் பிறக்கும் குழந்தைகளுக்கு மெத்தில் குறியில் கோளாறு வரும் என்று தோழி பயமுறுத்துகிறாள். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் வேலை, சேமிப்பும் அதிகமில்லை.
— வாசகி, பினாங்கு

பதில்: தோழி சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதைப் பெரிதாக்கிவிட்டார்.

2004-இல் போர்ச்சுகல் ஆய்வாளர்கள் விந்தணு மிகக் குறைந்த சில ஆண்களிடம், நான் மேலே சொன்ன ஹெச்19 பக்கத்தில் இருக்கவேண்டிய மைக்குறி விட்டுப்போயிருப்பதைக் காட்டினார்கள். பிறகு வேறு பல இடங்களிலும் இதே போக்கைப் பார்த்தார்கள். இங்கே ஆய்வகக்காரியாக ஒரு குறிப்பு: விந்தில் ரத்த வெள்ளணு கலந்திருந்தால் கணக்கு கெடும். ஹெச்19-இல் விந்தணு நூறை ஒட்டிக் காட்டும், ரத்த செல் ஐம்பதைக் காட்டும். விந்தணு குறைவாக இருப்பவரின் மாதிரியில் நாலு வெள்ளணு சேர்ந்தாலும் எண் இறங்கிவிடும். வெள்ளணுவைக் கரைத்து நீக்கிவிட்டு அளந்தார்களா என்று கேட்காமல் எந்த எண்ணையும் நம்பாதீர்கள்.

குறி விட்டுப்போவதால் வரும் பிறவிக் கோளாறுகளில் பெக்வித்-வீடமன் என்பது பத்தாயிரம் முதல் பதினான்காயிரம் பிறப்புக்கு ஒன்று. செயற்கைக் கருத்தரிப்பில் அது சில மடங்கு கூடுகிறது என்று 2003-இலிருந்து எழுதிவருகிறார்கள். சில மடங்கு கூடினாலும் ஆயிரத்தில் ஒன்றைத் தொடாத அளவு. அதற்குக் காரணம் ஊசியா, ஆய்வகத் திரவமா, அல்லது குறைவான விந்தணுவுக்குப் பின்னால் இருக்கும் அதே மூலமா என்று இன்னும் வாதம் நடக்கிறது. மருத்துவரிடம் இந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். நான் உங்கள் அக்காவாக இருந்தால், இதற்காக சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொல்ல மாட்டேன்.

பணத்துக்கு: 2020-இலிருந்து இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) சேமிப்பில் ஒரு பகுதியைக் கருத்தரிப்பு சிகிச்சைக்கு எடுக்க அனுமதி உண்டு. கணவர் கணக்கிலும் பாருங்கள்.

கேள்வி: தொங்காட் அலி மூலிகை குடித்தால் மெத்தில் குறி சரியாகுமா?
— பாசார் மாலாம் வாடிக்கையாளர், பத்து கேவ்ஸ்

பதில்: விற்பவருக்கு மெத்தில் என்ற சொல் தெரிந்துவிட்டதா! குடிப்பதானால் பெட்டியில் ‘MAL’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஆண்மை’ என்று எழுதி விற்கும் பொருள்களில், சொல்லாமல் கலந்த சில்டனாஃபில் என்ற விறைப்பு மருந்தைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறது. இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுபவருக்கு அது ஆபத்து.

கேள்வி: புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறோம், ஆய்வகம் பினாங்குத் தீவில். வீட்டிலேயே மாதிரி எடுத்து வரலாம் என்றார்கள். எப்படிக் கொண்டுபோவது? ஐஸ் பெட்டி வாங்கவேண்டுமா?
— கணவன் மனைவி

பதில்: ஐஸ் வேண்டவே வேண்டாம், விந்தணு செத்துப்போகும். ஆய்வகம் தரும் கிண்ணத்தில்தான் எடுக்கவேண்டும், சாதாரண ஆணுறையில் கூடாது. இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மேற்படாமல் இடைவெளி விடுங்கள். முதல் துளி சிந்திவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அதில்தான் அணு அதிகம். கிண்ணத்தைச் சட்டைக்குள், உடம்போடு ஒட்டி வையுங்கள். காரின் குளிர்காற்றுக்கு நேராக வைக்காதீர்கள். அரை மணி நேரத்தில் வந்தால் நல்லது, ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. காலை ஏழு மணிக்குப் பாலத்தில் நிற்கும் கூட்டத்தில் அது நடக்காது. முன்பதிவைப் பத்து மணிக்கு மேல் கேளுங்கள். அதுவும் முடியாதென்றால் ஆய்வகத்துக்கே வந்து எடுத்துவிடுங்கள், தனி அறை இருக்கும், கதவுக்குத் தாழ்ப்பாளும் இருக்கும்.